படத்தில் இரும்பு இல்லை

படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிய நேரம் அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

என் மனைவி யோகம். கதிரையில் இருந்தாள். தூரப் பயணம் வந்தால் அவளால் நிற்க முடியாது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே போட்டிருப்பது செயற்கைக் கால்.

அவளுடைய தம்பி சிவா. பளையில் பட்டா ஓட்டுகிறவன். பட்டா என்றால் பின்னுக்குச் சாமான் ஏற்றுகிற சின்ன வாகனம். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு அதில்தான் வந்தோம். நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.

மிருக டொக்டர். இளம் பெண். என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

டொக்டரின் உதவியாளர். என் வயது மனிதர். கையில் வாய்க்கட்டு வைத்திருந்தார். அதைப் போடத் தேவை வரவில்லை.

வீமன். எட்டு வயது. மேசையில் படுத்திருந்தான். அவனுடைய வலது முன்னங்காலின் படம்தான் அது.

மகள் தர்சினி வரவில்லை. வயலில் மயில் கலைக்க ஒருவர் வேண்டும் என்று கடையில் லீவு போட்டுவிட்டு நின்றாள்.

எல்லாரும் படத்தைப் பார்த்தோம். நான் அதில் இரும்பைத் தேடினேன்.

ஏன் தேடினேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் உடம்புக்குள் இரும்போடு திரிகிற ஆட்கள் கனபேர். என் வலது தோளுக்குக் கீழேயும் சண்டை நேரம் வெடித்த செல் குண்டின் துண்டு ஒன்று இருக்கிறது. எடுக்கப்போனால் கை வழங்காமல் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் அப்படியே விட்டுவிட்டார்கள். மாரி தொடங்கினால் அந்த இடம் வீங்கும். கடுக்கும். நோவெண்ணெய் பூசுவேன். மழை விடும்போது வற்றிவிடும். எக்ஸ்ரே படத்தில் அது அரிசி போல ஒரு வெள்ளைப் பொட்டு. அதனால் படம் பார்க்க எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மாரி நெல்லான காலபோகம் விதைத்த மாதம்தான் வீமன் நொண்டத் தொடங்கினான். முன்னங்காலில், ஆளுக்கு மணிக்கட்டு இருக்கிற மாதிரியான இடத்துக்குச் சற்று மேலே, தேசிக்காய், எலுமிச்சங்காய் அளவில் ஒரு வீக்கம். எங்கள் காணிக்கு மேற்கே கண்ணிவெடி எடுத்துத் தந்த காணி இருக்கிறது. அவன் அதற்குள் போய் உடும்பு தேடிக் கிண்டுகிறவன். கிண்டின இடத்தில் ஏதோ ஏறிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணையும் வந்து அமத்திப் பார்த்தார். அவருடைய தொடையிலும் இரண்டு துண்டு இருக்கிறது.

"இரும்புதான். நோண்டாதை. தானாச் சதை மூடும்" என்றார்.

நோண்டவில்லை. பின்னேரத்தில் நான் முற்றத்தில் இருந்து என் தோளுக்கு நோவெண்ணெய் பூசுவேன். அதே போத்தலில் அவனுடைய காலுக்கும் பூசுவேன். நொச்சி இலை வதக்கிக் கட்டினோம். மழை குறைந்தது. என் தோள் வற்றியது. அவனுடைய கால் வற்றவில்லை. தேசிக்காய், தென்னங் குரும்பட்டி ஆனது.

வீமனின் வேலை மயில் கலைப்பது. விதைத்த நெல்லையும் மயில் கிண்டும், நெற்கதிரையும் உருவும். அவன் நல்ல காலுடன் இருந்தபோது எங்கள் வயலில் ஒரு மயில் இறங்காது. நொண்டத் தொடங்கிய பிறகு இரண்டு வந்தது. பிறகு ஆறு. அவன் வரப்பில் நின்று குரைப்பான். ஓடமாட்டான். மயிலுக்கு அது விளங்கிவிட்டது. மார்கழியில் ஒரு பின்னேரம் பதினொன்று எண்ணினேன். அவன் வரப்பில் படுத்தபடி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் கிளிநொச்சியில் அரசாங்க மிருக டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் அமத்திப் பார்த்துவிட்டு, படம் எடுக்க வேண்டும், வவுனியாவுக்குப் போங்கோ என்று எழுதித் தந்தார்.

அப்படித்தான் அந்த அறையில் நின்றோம்.

"இரும்பு எங்க டொக்டர்?" என்று கேட்டேன்.

"என்ன இரும்பு ஐயா?"

"செல் துண்டு."

அவர் படத்தை விட்டு என்னைப் பார்த்தார். "இவனுக்கு என்ன வயசு?"

"எட்டு."

"சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்?"

நான் விரலில் எண்ணத் தொடங்கினேன். சிவா சொன்னான். "அத்தான்ரை காணியில கிண்டினா இப்பவும் வரும் டொக்டர். போன கிழமையும் ஏதோ ஒரு மூடி வந்தது."

"வரும். நானும் இந்தப் பக்கம்தான். ஆனா இதில வரேல்லை. படத்தில இரும்பு இல்லை ஐயா."

பிறகு அவர் பேனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நல்ல எலும்பு படத்தில் ஒரே வெள்ளையாக, ஓரம் நேராக இருக்கும். வீமனின் எலும்பு அந்த இடத்தில் கறையான் தின்ற தடி மாதிரி இருந்தது. சுற்றிவர வெள்ளைத் தூள் பறந்த மாதிரி. எலும்பு தன்பாட்டில் தறிகெட்டு வளருகிறது, வளர்ந்துகொண்டே தன்னைத் தின்கிறது என்றார். ஒஸ்டியோசார்க்கோமா என்று ஒரு பெயர் சொன்னார். எலும்புப் புற்றுநோய். ஊசியால் கொஞ்சம் எடுத்துக் கண்டிப் பக்கம் அனுப்பினால்தான் முழுதாகச் சொல்லலாம், ஆனால் தனக்குப் பெரிய சந்தேகம் இல்லை என்றார். பெரிய சாதி நாய்களுக்குத்தான் கூட வருமாம்.

"இவன் ஊர் நாய்தானே?" என்று கேட்டார்.

"தாய் ஊர். தேப்பன் ஆமிக் காம்ப் நாய் டொக்டர்" என்றான் சிவா. "சிங்களத்தில கூப்பிட்டாலும் வருவான்."

அப்போதுதான் டொக்டர் முதல்முறை சிரித்தார். யோகம் சிரிக்கவில்லை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரும்பு என்றால் விளங்கும். இரும்பு வெளியில் இருந்து வருவது. யாரோ அடித்தார்கள், எங்கேயோ இருந்து வந்தது, ஏறியது. இது அவனுக்குள் அவனே வளர்த்தது. யாரிடம் கோபிப்பது என்று தெரியவில்லை.

டொக்டர் இன்னொரு படமும் எடுத்தார். நெஞ்சுப் படம். இந்த நோய் காலில் நிற்காது, சுவாசப்பைக்குப் போகும் என்றார். அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"தெரியிற அளவில ஒண்டும் இல்லை" என்றார். "தெரியாத அளவில இருக்கலாம்."

பிறகு அவர் வழிகளைச் சொன்னார். ஒன்று, நோக்குளிசை கொடுத்து வைத்திருப்பது. ஆனால் அந்த எலும்பு அரித்துப்போன எலும்பு, ஒருநாள் சும்மா நடக்கும்போதே முறியும். இரண்டு, ஊசி போட்டு நித்திரையாக்குவது. நித்திரை என்றால் சாவு. மூன்று, காலை எடுப்பது.

"எடுத்தா சுகம் வருமோ?" என்று கேட்டேன்.

"நோ போகும் ஐயா. சுகம் எண்டு சொல்ல மாட்டன். எடுத்த பிறகு மருந்து ஏத்தினா இன்னும் கொஞ்சக் காலம் கிடைக்கும். அதுக்குத் திரும்பத் திரும்பத் தெற்குக்குப் போகோணும். மருந்து ஏத்தாட்டிலும் சில மாசம். சில நாய் அதைவிடக் கூட இருக்கும்."

காலை வெட்டி, அதற்குப் பிறகும் சாவது. நான் அதைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். இன்னொன்றும் விளங்கவில்லை. வீக்கம் கீழே. ஆனால் காலைத் தோளோடு எடுக்க வேண்டும் என்றார். யோகத்துக்கு முழங்காலை விட்டுவைத்தார்கள். அதனால்தான் அவளுக்குக் கால் மாட்ட முடிந்தது. இவனுக்கு ஏன் பாதியும் விடாமல் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். மிச்சம் விட்டால் அதை நாய் நிலத்தில் ஊன்றப் பார்க்கும், அடிபடும், புண்ணாகும், அதோடு நோய் மேலே ஏறியிருந்தால் அதுவும் மிஞ்சும் என்றார். அது விளங்கியது. விளங்கினாலும் மனம் ஏற்கவில்லை.

வரும் வழியில் யோகம் பின்னுக்கு வீமனோடு இருந்தாள். முன்னுக்கு இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை. மாங்குளம் தாண்டிய பிறகு சிவா மெல்லமாகச் சொன்னான்.

"அத்தான், ஊசியைப் போட்டு விடுங்கோ. உந்தப் பிராணி ஏன் உத்தரிக்க வேணும்?"

"கொக்கா என்ன சொல்லுறாளோ."

"ஓம், அக்காட்டைக் கேளுங்கோ. அவவுக்குத்தானே தெரியும்."

ஊரிலும் எல்லாரும் அதையே சொன்னார்கள். கந்தையா அண்ணை சொன்னார், கடையடியில் சொன்னார்கள். யோகத்தைக் கேள், அவளுக்குத்தான் தெரியும். நானும் கேட்டேன். குசினியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"யோகம், நீ சொல்லு. என்ன செய்வம்?"

அவள் அம்மியில் கையை நிறுத்தினாள்.

"எனக்குக் கால் இல்லையெண்டா நாய்க்கும் நான்தானோ சொல்ல வேணும்?"

"அப்பிடியில்லை."

"எப்பிடி? ஊரெல்லாம் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்குது. எனக்கு வெட்டேக்குள்ள என்னை ஆர் கேட்டது? எழும்பிப் பாத்தன், இல்லை. அவ்வளவுதான். எனக்கு என்ன தெரியும்?"

நான் வெளியே வந்துவிட்டேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்தக் காலைப் பற்றி அவள் அவ்வளவு கதைத்தது அன்றுதான்.

முடிவு செய்ய அவகாசம் ஒன்று தானாக வந்தது. வவுனியாவில் எடுத்த இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் இருந்தது என்று டொக்டர் போன் பண்ணினார். நாய் உண்ணி கடித்து வருகிற காய்ச்சல். அது இருந்தால் இரத்தம் உறையாது. இப்போது வெட்டினால் இரத்தம் நிற்காமல் போய்விடும். முதலில் அதற்கு மருந்து கொடுக்க வேண்டும். அதுவரை நோவுக்குக் குளிசை. குளிசையைச் சூடை மீன் தலைக்குள் வைத்துக் கொடுத்தோம். மீனைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்பினான். தர்சினி அதைப் பாணில் பொத்தி, பாணை மீன் எண்ணெயில் தோய்த்துக் கொடுத்தாள். அப்படித் தின்றான்.

குளிசை பிடிக்கும் நேரம் நன்றாக இருப்பான். வாலை ஆட்டுவான். அப்போது வெட்டத் தேவையில்லை என்று தோன்றும். குளிசை விட்டதும் காலை நக்கி நக்கி முனகுவான். அப்போது நாளைக்கே வெட்ட வேண்டும் என்று தோன்றும். ஒரு நாளில் இரண்டு மூன்று முறை என் எண்ணம் மாறியது. சாமிக்கும் நேர்ந்தேன். எதற்கு என்று தெளிவாகச் சொல்லி நேரவும் தெரியவில்லை.

மருந்து முடிகிற கிழமை யோகம் என்னிடம் போனைக் கேட்டாள். டொக்டருக்கு எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் போட்டிருப்பாள்.

"டொக்டர், ஒரு விசயம். காலை எடுத்த பிறகு இல்லாத கால் நோகும். தெரியுமோ?"

அந்தப் பக்கம் இருந்து டொக்டர் சொன்னார். "ஓம் அம்மா. தெரியும்."

"நாய்க்கும் வருமோ?"

"வரும் எண்டுதான் நினைக்கிறம். அது வாயால சொல்லாது. அதுக்கு மருந்து இருக்கு. வெட்ட முன்னமே நரம்பை விறைக்கப் பண்ணுவன். பிறகு கொஞ்ச நாளைக்கு நரம்புக்கு கப்சூல் தருவன்."

"எனக்கு அப்பிடி ஒண்டும் தரேல்லை" என்றாள் யோகம். குறையாகச் சொல்லவில்லை. வெறும் செய்தி மாதிரிச் சொன்னாள். "சரி டொக்டர். கப்சூல் இருக்கெண்டா எடுங்கோ."

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். "இனி என்னை ஒண்டும் கேளாதேங்கோ."

தைப்பொங்கல் கழிந்து கொண்டுபோனோம். கன்றுத்தாச்சி மாடு ஒன்றை விற்ற காசு சட்டைப் பையில் இருந்தது. பில் பெரிது. அது பெரிது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், அதனால் அதில் குழப்பம் இல்லை. சிவாவுக்கு டீசல் காசு நீட்டினேன். "உதை வைச்சு அவனுக்கு மீன் வாங்குங்கோ" என்றான். ஊசி போடச் சொன்னவன் அவன்தான்.

வீமனை உதவியாளர் கயிற்றில் பிடித்து உள்ளே கொண்டுபோனார். மூன்று காலில்தான் போனான். நான்காவது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனான். கதவடியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நான் கையைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியாது. பஸ் ஏறுகிற ஆளுக்குக் காட்டுகிற மாதிரி.

காத்திருக்கும் அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். வெள்ளை மயிர் நாயோடு ஒரு பெண், கூட்டுக்குள் முயலோடு ஒரு சின்னப் பெண்பிள்ளையும் தாயும். நேரம் போகப்போக யோகத்துக்குக் கால் கடுத்தது. சேலையைச் சரிக்கட்டிக்கொண்டு செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள். முயல்காரப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"அன்ரி, உங்கட காலையும் இந்த டொக்டரோ கழட்டினவா?"

தாய், "சும்மா இரு" என்று கையில் அடித்தாள்.

"இல்லைப் பிள்ளை. எனக்கு வேற டொக்டர்."

"நொந்ததோ?"

"நொந்தது. உன்ரை முயலுக்கு என்ன?"

"பல்லு நீண்டுட்டுது. சாப்பிட ஏலாது."

"அப்ப முயலுக்குப் பல்லு, எங்கட நாய்க்குக் கால். எல்லாருக்கும் ஒண்டு கூடிப் போச்சு."

பிள்ளை சிரித்தது. வெள்ளை நாய்க்காரப் பெண்ணும் சிரித்தாள். நான் யோகத்தைப் பார்த்தேன். வீட்டில் அவள் அப்படிக் கதைப்பதில்லை.

போன் அடித்தது. தர்சினி.

"அப்பா, முடிஞ்சுதோ?"

"இல்லை."

"மயில் இண்டைக்கு இருபத்தாறு."

"கலைச்சியோ?"

"கலைச்சனான். அந்த வரம்புக்குப் போனா இந்த வரம்புக்கு வருது. என்னை ஒரு ஆளாவே மதிக்குதில்லை."

மதியம் திரும்பிய பிறகு டொக்டர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றினார். முகத்தில் கோடு பதிந்திருந்தது.

"நல்லபடி முடிஞ்சுது. இரத்தம் பெரிசாப் போகேல்லை. கொஞ்சத்தில முழிப்பான்."

நான் கும்பிட்டேன். யோகம் கேட்டாள், "கால் எங்க?"

டொக்டருக்கு விளங்கவில்லை.

"வெட்டின கால். அதை என்ன செய்வியள்?"

"ஒரு துண்டு சோதனைக்கு எடுத்திருக்கிறன். மிச்சம் எரிக்க அனுப்புவம் அம்மா."

"மிச்சத்தைத் தாங்கோ. நாங்கள் மண்ணில தாட்டுக்கொள்ளுறம்."

"யோகம்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டொக்டரிடமே சொன்னாள். "என்ரை கால் எங்க போனதெண்டு எனக்குத் தெரியாது. எரிச்சவையோ, தாட்டவையோ, நாய் இழுத்ததோ. சில நேரம் நினைப்பன். இது அப்பிடிக் கிடக்க வேண்டாம்."

அவள் அப்படி நினைப்பாள் என்று எனக்குத் தெரியாது. கட்டிக் கனகாலம். ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

டொக்டர், நன்றாகச் சுற்றித் தருகிறேன், ஐஸ் போட்டு வைத்து ஆழமாகத் தாட்டுவிடுங்கோ, மேலே சுண்ணாம்பு போடுங்கோ, மற்ற நாய் தோண்டக் கூடாது என்றார்.

அன்று வீமனை விடமாட்டோம் என்றார்கள். யோகமும் நானும் சிவாவும் வவுனியாவில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் தங்கினோம். காலையில் போனபோது அவன் கூட்டுக்குள் படுத்திருந்தான். வலது பக்கம் முழுக்க மயிர் மழித்து, தோளில் இருந்து நெஞ்சு வரை தையல். கழுத்தில் வாளி போல ஒரு பிளாஸ்டிக் பட்டை, தையலைக் கடிக்காமல் இருக்க. வேறு யாருடையவோ நாய் என்று ஒரு கணம் நினைத்தேன்.

அவன் எங்களைக் கண்டதும் எழும்பினான். ஒரு பக்கம் சரிந்தான். உதவியாளர் பிடிக்கப் போனார். அதற்கிடையில் தானே நிமிர்ந்தான். ஒரு துள்ளு. இன்னொரு துள்ளு. கூட்டுக் கதவடிக்கு வந்துவிட்டான். வால் ஆடியது.

யோகம் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் தடியோட நிலத்தில நிக்க எத்தினை மாசம் எடுத்தனான் எண்டு தெரியுமோ?" என்றாள் யாரிடமோ. பிறகு, "வெக்கம் கெட்டவன்" என்றாள். கூட்டுக் கம்பிக்குள் கையை விட்டாள்.

அவனுக்குக் கால் போனது தெரியுமோ என்று நான் டொக்டரைக் கேட்டேன். சாதாரணமாக நாய்கள் அப்படித்தான், நோகிற கால் ஏற்கெனவே அவனுக்குக் கால் இல்லை, இப்போது நோ போய்விட்டது என்றார். நல்லதுதான். ஆனால் நான் வேறு எதையோ எதிர்பார்த்திருந்தேன். எதை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெட்டின காலை ஐஸ் போட்டு றெஜிபோம் பெட்டியில் வைத்தோம். சிவா மீன் ஏற்றுகிற பெட்டி. மாங்குளத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது ஒரு மனிதர் பெட்டியைத் தட்டினார்.

"முல்லைத்தீவு மீனோ? என்ன விலை?"

"இது விக்கிறதில்லை அண்ணை" என்றான் சிவா.

"நல்ல மீன் எண்டா வீட்டுக்குத்தான் கொண்டுபோவியள்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஏறினோம்.

வீட்டுக்குப் பின்னால் வேம்படியில் இடுப்பளவு கிண்டினேன். கிண்டும்போது உண்மையாகவே ஒரு இரும்புத் துண்டு வந்தது. எடுத்து வேலிப் பக்கம் போட்டேன். யோகம் பொட்டலத்தை இறக்கினாள். சுண்ணாம்பு போட்டு, மண் போட்டு, மேலே ஒரு கல் வைத்தோம். தர்சினி செவ்வரத்தம்பூ ஒன்று வைத்தாள். யோகம் அதைத் தடுக்கவில்லை, தேவாரம் கீவாரம் ஒன்றும் பாடவும் இல்லை. அப்போது வீமன் துள்ளித் துள்ளி வந்தான். வாளி கல்லில் இடித்தது. கல்லைச் சுற்றி மணந்தான். பிறகு வழமை போலப் பின்னங்காலைத் தூக்கினான். மூன்றில் ஒன்றைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று அவனுக்கு அப்போது தெரியாது. பூவோடு சேர்த்துச் சரிந்து விழுந்தான்.

முதலில் சிரித்தது யோகம். இருந்து சிரித்தாள். எழும்ப முடியாமல் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். சிரித்துத்தான் கண்ணீர் வந்ததோ தெரியாது.

நாட்கள் எல்லாம் அப்படிப் போகவில்லை. டொக்டர் சொன்ன கப்சூல் ஆட்களுக்குக் கொடுக்கிற கப்சூல்தான். கிளிநொச்சியில் பாமசியில் டொக்டர் எழுதின துண்டைக் கொடுத்தேன்.

"ஆருக்கு?"

"வீமனுக்கு."

"வயசு?"

"எட்டு."

"எட்டு வயசுப் பிள்ளைக்கு இந்த மருந்து ஏன் குடுத்தவை?"

"பிள்ளை இல்லை, நாய்" என்றேன். பாமசியில் நின்ற பெண் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மருந்தைத் தந்தாள்.

கப்சூல் கொடுத்தும் சில நேரம் அவன் திடுக்கிட்டு எழும்புவான். இல்லாத காலின் பக்கம் தலையைத் திருப்பி, வாளிக்குள்ளால் காற்றைக் கடிப்பான். கத்துவான். எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. தையல் பக்கத்தைத் தொடப் பயம். யோகம் போய்ப் பக்கத்தில் இருந்து மற்ற முன்னங்காலைப் பிடித்து மேலிருந்து கீழே உருவுவாள். பாதத்தை அமத்துவாள். விரல் விரலாக.

"அந்தக் கால் நோகேல்லையே" என்றேன்.

"அந்தக் காலை உருவினா இது அடங்கும். எனக்கு அப்பிடித்தான்."

அவள் சில இரவுகளில் எழும்பி இருந்து வலது காலை உருவுவது எனக்குத் தெரியும். நடந்து நடந்து அந்தக் கால் களைத்துவிட்டது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அடுத்த முறை நான் உருவினேன். வீமனுக்கு. அடங்கினான். அதற்குப் பிறகு ஒருநாள் யோகம் எழும்பி இருந்தபோது அவளுடைய காலையும் உருவினேன். அவள் காலை இழுக்கவில்லை.

தையல் வெட்டினார்கள். கண்டியிலிருந்து சோதனை முடிவும் வந்தது. டொக்டர் சொன்னது சரி. எலும்புப் புற்றுநோய்தான். மருந்து ஏற்ற நாங்கள் போகவில்லை. அவ்வளவு தூரம் அவனைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் வர ஏலாது. அது பிழையாகவும் இருக்கலாம். டொக்டர் பிழை என்று சொல்லவில்லை. காலபோகம் வெட்டி முடிந்த பிறகு இன்னொரு நெஞ்சுப் படம் எடுத்தோம். இந்த முறை நான் அதில் எதையும் தேடவில்லை. டொக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியிற அளவில ஒண்டும் இல்லை" என்றார்.

"தெரியாத அளவில?"

"எனக்குத் தெரியாது ஐயா."

மூன்று கால் நாயை ரோட்டில் கண்டவர்கள் நிறுத்திக் கேட்கிறார்கள். என்ன நடந்தது, மிதிவெடியோ என்று. இல்லை என்று சொன்னால் நம்புவது குறைவு. தங்கள் நாய்க்கும் வீக்கம் என்று இரண்டு பேர் வந்தார்கள். இரும்பாக இருக்கும் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். படம் எடுங்கோ என்றேன். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவை அப்பா என்று தர்சினி சொன்னாள். அதனால் எழுதினேன். காலை வெட்டுங்கோ என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். வெட்டாதேங்கோ என்றும் சொல்ல மாட்டேன். வீக்கம் கண்டால் நோவெண்ணெய் பூசிக்கொண்டு மாரி முடியட்டும் என்று இருக்காதேங்கோ. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது கோடை நெல்லான சிறுபோகம் விதைத்திருக்கிறோம். நேற்றுப் பின்னேரம் யோகமும் நானும் வரப்பில் இருந்தோம்.

"நாங்கள் செய்தது சரியோ?" என்று கேட்டேன். கேளாதேங்கோ என்று சொல்லியிருந்தாள். மறந்து கேட்டுவிட்டேன்.

"அவனைக் கேளுங்கோ."

அவன் வயலுக்குள் போய்க்கொண்டிருந்தான். ஓட்டம் என்று சொல்ல முடியாது. துள்ளல். சேற்றில் முகம் குத்தி விழுந்தான், எழும்பினான், குரைத்தான், திரும்பவும் போனான். இந்தப் பக்கம் நின்ற மயில் எல்லாம் எழும்பிப் பறந்தன. அவனால் வாய்க்காலைப் பாய முடியாது. அது சில மயிலுக்கு விளங்கிவிட்டது. அவை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இறங்கி நின்று நெல்லைக் கிண்டின. அவன் இந்தக் கரையில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தான்.

"எத்தினை நிக்குது?" என்று கேட்டாள் யோகம்.

எழும்பி நின்று எண்ணினேன்.

ஐந்து.